வினாடிக்கு இரண்டு மெகாபிட்

கியூர்பிப்பில் மழை என்பது செய்தியே அல்ல.
மூன்றாம் மாடிப் பின்னறை. இரவு ஒன்பது.
வெளிக்குளிர் போதாதென்று ஏசியும் ஓடுகிறது,
மனிதர்களுக்காக அல்ல.

ஒரே ஒரு சர்வர்.
அதற்குள் ஏழு கணினிகள்; ஏழுக்கும் உடம்பில்லை.
எட்டாவதாக அவற்றுக்கொரு காவல், ஃபயர்வால்.
அதற்கும் உடம்பில்லை.
சுவர் என்று பெயர். செங்கல் ஒன்றுகூடக் கிடையாது.

விடிந்தால் நாலாயிரத்து இருநூறு சம்பளச் சீட்டுகள்
வங்கியில் இருக்கவேண்டும்.
லைனை நேராக என் மடிக்கணினியில் சொருகினால்
நானூற்று எண்பது.
சுவருக்குப் பின்னாலிருந்து அனுப்பினால்
இரண்டு. சிலசமயம் ஒன்று புள்ளி ஏழு.
சிலசமயம் வெறும் யோசனை.

தொலைபேசிக் கம்பெனிப் பையன்
"லைன் கொரெக், மதாம்" என்றான்.
அவன் சொன்னது மெய். அதுதான் எரிச்சல்.

கேபிளை மாற்றினேன்.
புதியதன் நீலம் பிடிக்காமல் பழையதையே மறுபடி போட்டேன்.
பொட்டலத்தின் அளவை ஆயிரத்து நானூறாகக் குறைத்தேன்.
ஃபயர்வாலுக்கு இரண்டு கோர் கூடக் கொடுத்தேன்;
வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.
விதிகள் எல்லாவற்றையும் அணைத்து
ஊரே உள்ளே வரட்டும் என்று திறந்துவிட்டு
ஐந்து நிமிடம் நகம் கடித்தபடி பார்த்தேன்.
அப்போதும் இரண்டு.

பிங் மட்டும் துள்ளிக்கொண்டு போய்வந்தது.
வெறுங்கையோடு போகிறவனுக்கு எந்த வாசலும் விசாலம்தான்.

ருங்கன் போனில், ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கிலிருந்து, கடல் சத்தத்தோடு:
"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாயா?"
பதில் சொல்லாமல் வைத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு
போகிற பொட்டலங்களைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தேன்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்: செக்சம் தவறு.
இதை ஒன்பதரைக்கே பார்த்திருந்தேன்.
தாண்டிப் போயிருந்தேன்.
புறப்படும் இடத்தில் அது தவறாகத்தான் தெரியும்,
கூட்டிப் போடுவது நெட்வொர்க் கார்டின் வேலை
என்பது படித்த பாடம்.
இப்போது பார்த்தது சுவருக்கு அந்தப் பக்கம்.
அங்கேயும் தவறு.

கார்டு கூட்டிக்கொள்ளும் என்று விட்டது கணினி.
கார்டே ஒரு கற்பனை; பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டது அது.
வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று
தொட்டும் பாராமல் தள்ளிவிட்டது சுவர்.
வங்கி வாசலில் இருந்தது மட்டும் எண்ணிப் பார்த்தது,
கணக்கு உதைத்தது, குப்பையில் போட்டது.
மறுபடி அனுப்பு. மறுபடி குப்பை.

போன மாதம் எங்கள் வீட்டில் தண்ணீர் நின்றது.
நான் கட்டியிருப்பேன் என்று அக்கா;
அக்கா கட்டியிருப்பாள் என்று நான்.
பில், ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்,
எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு.

மெனுவின் அடியாழத்தில் ஒரு சிறு கட்டம்:
வன்பொருளிடம் விடாதே.
டிக் வைத்தேன்.
ரீஸ்டார்ட் செய்தேன். ருங்கனிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

ப்ராசஸர் ஆறு சதவீதம் ஏறியது,
தன் கூட்டலைத் தானே போடுகிறவனின் மூச்சு.
பிறகு எண் நகர்ந்தது. நாற்பது. இருநூற்றுப் பத்து.
நானூற்று அறுபத்தொன்று.
கைதட்ட ஏசி தவிர யாருமில்லை.

சீட்டுகள் கிளம்பின, பெயர் வரிசையில்.
நடுவில் எங்கோ என் பெயரும் ஓடிற்று.
ஓவர்டைம் கட்டத்தில் பூஜ்யம்.
அதை நிரப்பவேண்டியவர் மேனேஜரா, கணக்குப் பிரிவா,
மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது.

இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.
ஒன்பது முதல் பன்னிரண்டரை.
பேனா எழுதவில்லை.
இன்னொன்றைத் தேடினேன்.